குடும்பத்துக்கு நெருக்கமானவர்

பெங்களூரு
22.4.2024

கிறிஸ்துவுக்குள் அன்பான ஞானசுந்தரி அக்காவுக்கு, தங்கை பிரிஸ்கில்லா எழுதுவது. ஸ்தோத்திரம். நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வேறு வழி தெரியாமல் தபாலில் எழுதுகிறேன். அப்பா போன பிறகு நம் வீட்டில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதியதாக ஞாபகம் இல்லை.

என் கட்டுரையை நீ படித்திருப்பாய், இல்லையென்றால் யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள். நடந்ததை நானே உனக்குச் சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டைப் போட்டி என்று எங்கள் இணைய இதழிலிருந்து என்னை அனுப்பினார்கள். வழக்கம்போல் கூண்டுக் கம்பியை ஒட்டி உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மைக்கில் ‘துரை, திருவண்ணாமலை’ என்று கூப்பிட்டார்கள். உள்ளே வந்தவர் செந்தமிழன் மாமா.

பிப்ரவரியில்தான் பெங்களூரில் ஒரு போட்டியில் அடிபட்டு நினைவில்லாமல் விழுந்தார். மூன்று மாதம் கூண்டுக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது உனக்கும் தெரியும். அந்தத் தடையை ஏமாற்றத்தான் வேறு பெயர், வேறு ஊர். இரண்டாவது ரவுண்டில் அதே மாதிரி மறுபடியும் விழுந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், என் கை எட்டுகிற தூரத்தில்.

நான் எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த மாதம் இன்னொரு ஊரில் இன்னொரு பெயரில் இறங்கியிருப்பார். அவருக்கு ஒரு வருடத் தடை வந்தது என்னால்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடு அக்கா. காஞ்சிபுரத்திலேயே எடுக்கலாம். என்றைக்கு என்று சொன்னால் நானும் வருகிறேன். மாமாவுக்கு என் அன்பு.

பிரிசி


காவாந்தண்டலம்
3.5.2024

பிரிஸ்கில்லாவுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பார் அப்பா. அவருக்காக ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய எனக்கு ஆவல் இல்லை.

தபாலில் எழுதியது நல்லதாகப் போயிற்று. இனி எது சொல்வதானாலும் காகிதத்தில் சொல். உன்னிடம் போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்துவிட்டு, சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் நின்று உனக்குப் போன் செய்தேன். “பத்து நாளா வாந்தி எடுக்கிறாருடி. வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசுதுன்றாரு. எனக்கு பயமா கீது” என்று அழுதேன். கூடப்பிறந்தவளிடம் அழுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

நீ அதை எடுத்து, ‘முந்தைய தோல்விக்குப் பிறகு அவர் பத்து நாட்கள் வாந்தி எடுத்ததாகக் குடும்பத்துக்கு நெருக்கமானவர் ஒருவர் தெரிவித்தார்’ என்று போட்டுவிட்டாய். நெருக்கமானவராம். அந்த மனுஷருக்கு நெருக்கமாக என்னை விட்டால் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள்கூட, “இன்னாக்கா, வூட்டுக்காரரப் பத்தி நீயே சொல்லிட்டியாமே” என்று கேட்கிறாள்.

அப்புறம் அந்தப் படம். பல் கவசம் வாயிலிருந்து பாதி வெளியே தள்ளி, ஒரு கண் மூடாமல். டீக்கடையில் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வாலாஜாபாத்தில் அவர் நடத்திய பயிற்சிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூடத்தைப் பூட்டியாகிவிட்டது.

அவரோடு பயிற்சி எடுக்கிற வெங்கடேசன் ஓசூருக்குத் துணைக்குப் போயிருந்தான். வந்து சொன்னான்: “அண்ணன் உளுந்துட்டாரு. உன் தங்கச்சி ஓடியாரும்னு பாத்தேங்கா. கேமராவக் கீய எறக்கவே இல்ல. எடுத்துக்கினே கீது.” இது உண்மையா? உண்மையென்றால் அதையும் காகிதத்தில் எழுது.

அவருக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். ஸ்கேன் தேவையில்லை.

ஞானசுந்தரி


பெங்களூரு
11.5.2024

அக்காவுக்கு ஸ்தோத்திரம். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், நான் நலம்.

வெங்கடேசன் சொன்னது உண்மை. கேமராவை நான் இறக்கவில்லை. மாமாவுக்கு நினைவு போன பிறகும் இரண்டு குத்து விழுந்தது. நடுவர் தாமதமாகத்தான் குறுக்கே வந்தார். அது என் படங்களில் வரிசையாக இருக்கிறது. ‘பெரிதாக ஒன்றும் இல்லை, கால் இடறி விழுந்தார், தானே எழுந்து போனார்’ என்று போட்டி நடத்தியவர்கள் சொன்னார்கள். படங்களைக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்கள். நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அழுதிருந்தால் அவர்கள் சொன்னதுதான் உண்மையாக நின்றிருக்கும். என் வேலை அது. இப்போது அவர்கள் நடத்துகிற எந்தப் போட்டிக்குள்ளும் எனக்கு இடம் கிடையாது. முகம் தெரியாத ஆட்கள் தினமும் போனில் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். உன்னிடம் ஆறுதல் கேட்டு இதை எழுதவில்லை, தெரிந்துகொள் என்றுதான்.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். ஓசூருக்கு அவர் பையைக் கட்டிக் கொடுத்தது யார்? அந்த வாரம் நான் போன் செய்து மாமா எங்கே என்று கேட்டேன். “வெத நெல்லு வாங்க மதுராந்தகம் போயிருக்காரு” என்றாய். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிற மனுஷரை அடிவாங்க அனுப்பிவிட்டு எனக்கு விதை நெல் கதை சொன்னாய்.

நான் செய்தது துரோகம் என்றால் நீ செய்ததற்கு என்ன பெயர் என்று நீயே யோசித்து வை. ஸ்கேன் எடுத்தாயா?

பிரிஸ்கில்லா


காவாந்தண்டலம்
9.6.2024

பிரிஸ்கில்லாவுக்கு ஸ்தோத்திரம். கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. மற்றபடி இங்கே நலம்.

பள்ளிக்கூடம் திறக்கிற வேலை இருந்ததால் உடனே எழுதவில்லை. உன் கேள்விக்குப் பதில் தேடினேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பையைக் கட்டியது நான்தான். “ஒரே ஒரு தபா ஞானம். அடி வாங்கினு பூட்டவன்னு பேர வச்சிக்கினு என்னால வூட்ல குந்த முடியாது” என்றார். ஒரு வாரம் சோறு சரியாகச் சாப்பிடாமல் இதையே சொன்னார். கூண்டுக்குள் போகிறவரோடு குடித்தனம் நடத்திப் பார், அப்புறம் பேசு. வெளியே உட்கார்ந்து படம் எடுப்பது சுலபம்.

இப்போது வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லுக்குப் போகிறார். காலையில் வெங்கடேசன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறான், சாயங்காலம் அவனே கொண்டுவந்து விடுகிறான். வந்ததும் படுத்துவிடுகிறார். உழைத்துக் களைத்தவர் தூங்காமல் என்ன செய்வார்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு உன் மேல் கோபமே இல்லை. போன வாரம் உன் கட்டுரையைப் பற்றி நான் கத்திக்கொண்டிருந்தேன். “இன்னா கட்டுரை?” என்றார். ஓசூரைப் பற்றி எழுதினாளே, அது என்றேன். “ஓசூர்ல நமக்கு யாரு கீறாங்க?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு நடந்தும் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் இல்லாத பெருந்தன்மை அது. பார்த்துக் கற்றுக்கொள்.

ஞானசுந்தரி


பெங்களூரு
15.6.2024

அக்கா,

ஸ்தோத்திரமெல்லாம் பிறகு. அது பெருந்தன்மை இல்லை. அவருக்கு ஓசூர் ஞாபகம் இல்லை.

தலையில் அடிவாங்கிய எத்தனையோ பேரிடம் நான் பேட்டி எடுத்திருக்கிறேன். அவர்கள் மனைவிமாரிடமும் பேசியிருக்கிறேன். எல்லோரும் முதலில் சொல்வது நீ எழுதினதுதான்: நல்லா தூங்குறாரு. வெங்கடேசன் ஏன் அவரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறான்? மாமா ஏன் தன் வண்டியை ஓட்டுவதில்லை? டம்ளர் கையிலிருந்து நழுவுகிறதா? ஒரு பக்கம் கால் இழுக்கிறதா? நடந்ததையெல்லாம் வேறு வருடத்தில் நடந்ததாகச் சொல்கிறாரா?

இதற்கெல்லாம் எனக்குப் பதில் எழுத வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போ. என் மேல் உள்ள ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள வேறு ஏதாவது வழி பார். அவர் தலையை வைத்துத் தீர்க்காதே.

பிரிஸ்கில்லா


பெங்களூரு
9.7.2024

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

பதில் வரவில்லை என்றுதான் போன ஞாயிறு நேரில் வந்தேன். சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் படம் எடுத்துவிட்டு நேராக பஸ் ஏறினேன். வாசற்படியில் கால் வைக்கவிடாமல் நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதை நான் எதிர்பார்த்துதான் வந்தேன்.

எதிர்பார்க்காதது உனக்குப் பின்னாலிருந்து வந்தது. மாமா ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இன்னொரு கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. “வாங்க டீச்சர், வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க” என்றார். “மாமா, நான் பிரிசி” என்றேன். “பிரிசி காலேஜுக்குப் போயிருக்குதே” என்றார். நான் காலேஜ் முடித்து எவ்வளவு காலம் ஆகிறது!

அப்போது நீ என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அதற்கப்புறம்தான் நீ கத்த ஆரம்பித்தாய். நானும் கத்தினேன். தெருவே கூடி நின்று பார்த்தது. “நீதாண்டி அவரக் கொல்ற” என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். எழுத்தில்தானே வேண்டும் என்றாய். இதோ எழுதிவிட்டேன்.

பிரிஸ்கில்லா


காவாந்தண்டலம்
17.7.2024

பிரிஸ்கில்லாவுக்கு,

இந்தக் கடிதத்தில் ஸ்தோத்திரம் இல்லை. அப்பா மன்னிப்பார்.

கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய். வேறு வேலையாகச் சென்னைக்கு வந்தவள் அப்படியே இங்கேயும் வந்தாய் என்று நீயே எழுதுகிறாய். அந்தப் பையைப் பார்த்த பிறகு கதவைத் திறப்பேனா? அவர் லுங்கியை ஒரு கையால் பிடித்திருந்ததைக்கூடக் கவனித்து வைத்திருக்கிறாய். உன் கண் அதற்குத்தான் பழகியிருக்கிறது.

ஸ்கேன், ஸ்கேன் என்கிறாய். எடுத்து ஏதோ இருக்கிறது என்று வந்தால் என்ன ஆகும்? நீ எழுதினது சரி, நான் பொய்க்காரி, அவர் முடிந்துபோனவர். இந்தத் தெரு அப்படித்தான் பேசும். மில்லிலும் நிறுத்திவிடுவார்கள். நீயும் சும்மா இருக்க மாட்டாய், குடும்பத்துக்கு நெருக்கமானவர் மறுபடியும் உன்னிடம் வந்து ஏதாவது தெரிவிப்பார். அப்படி ஒரு காகிதத்தை என் கையாலேயே வாங்கி உனக்குத் தர மாட்டேன்.

தென்னேரியில் ஒரு நாட்டு வைத்தியரிடம் காட்டியிருக்கிறேன். நரம்புத் தளர்ச்சி, சரியாகிவிடும் என்றார். எனக்கு அது போதும்.

இனி உன் கடிதம் எதையும் வாங்குவதாக இல்லை. தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ஞானசுந்தரி


(பெற மறுத்ததால் அனுப்பியவருக்கே திரும்பி வந்த கடிதம்)

பெங்களூரு
28.7.2024

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். நீ வாங்கப்போவதில்லை என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

நான் இந்த வேலைக்கு வந்தது மாமாவால். உங்களுக்குக் கல்யாணமான புதிதில் சென்னையில் அவருடைய முதல் போட்டி. உனக்கு ரத்தத்தைப் பார்க்கப் பயம் என்று என்னைத் துணைக்கு அனுப்பினாய். என் கையில் சிநேகிதியிடம் இரவல் வாங்கிய கேமரா. கூண்டுக்குப் பக்கத்தில் போனதும் காவலுக்கு நின்றவன், “பொம்பளப் புள்ளைக்கு இங்க இன்னா வேல?” என்று தள்ளினான். கையில் துணி சுற்றிக்கொண்டிருந்த மாமா பாதியில் எழுந்து வந்தார். “என் மச்சினிச்சி. போட்டோகிராபர். கிட்டக்க குந்த வை. இல்லன்னா நான் எறங்க மாட்டேன்” என்றார். அதுவரை யாரும் என்னை அந்தப் பெயரில் சொன்னதில்லை. அன்றைக்கு எடுத்ததில் பாதிப் படம் கம்பிமேல் ஃபோகஸ் ஆகி, ஆள் மங்கலாக விழுந்திருந்தது. எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, “கம்பி சூப்பரா வந்திருக்குது” என்று சிரித்தார்.

ஓசூரில் உள்ளே வந்ததும் அவர் என்னைப் பார்த்துவிட்டார். லேசாகத் தலையை ஆட்டினார், எடு என்பதுபோல. மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. போட்டி நடத்துகிறவர்களின் மேசையும் எழுந்து போய்ச் சொல்கிற தூரத்தில்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி யாரும் படிக்காத கடிதத்தில்கூட என்னால் எழுத முடியவில்லை.

அவர் விழுந்து கிடக்கிற அந்தப் படத்தை நீக்கிவிடும்படி இதழில் கேட்டேன். அதிகம் பேர் பார்த்த படம், நீக்க முடியாது என்றார்கள். வேலையை விட்டுவிட்டேன். உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்குப் பதிலாக உன்னிடம் ஏதோ கேட்பதுபோல் ஆகிவிடும்.

அவரைத் தனியாகக் குளிக்க விடாதே அக்கா. வழுக்கி விழுந்தால் யாரும் இல்லாமல் போய்விடும். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன் தங்கை
பிரிசி


காவாந்தண்டலம்
24.9.2024

பிரிஸ்கில்லாவுக்கு ஸ்தோத்திரம். நான் நலமாக இல்லை.

ஆகஸ்ட் மாதம் மில்லில் வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். மூட்டைகூடத் தூக்கவில்லை. காஞ்சிபுரத்தில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். உள்ளே பழைய ரத்தம் மாசக்கணக்கில் கட்டிக்கிடந்திருக்கிறது. விழுந்ததில் புது ரத்தமும் சேர்ந்துகொண்டது. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். இடது பக்கம் ஒரு துண்டு எலும்பை இன்னும் திரும்ப வைக்கவில்லை. உயிர் இருக்கிறது. நடக்கிறார். என்னைத் தெரிகிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா வந்து, “இதுக்கு முன்னாடி எப்பெப்போ இப்படி மயக்கமாகி விழுந்திருக்காரும்மா?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது பெங்களூரும் ஓசூரும்தான். வெங்கடேசன் போனை எடுத்து உன் பெயரைப் போட்டுத் தேடினான். இத்தனை வருடமாக நீ எழுதினது எல்லாம் வரிசையாக வந்தது. கோயம்புத்தூரில் விழுந்தது, ஐதராபாத்தில் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஜெயித்தேன் என்று என்னிடம் சொன்ன போட்டிகள்கூட அதில் இருந்தன. ஒரு தடவை வரும்போது எனக்குப் புடவைகூட வாங்கிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா ஒன்றுவிடாமல் படித்துக் குறித்துக்கொண்டார். “ரொம்ப விவரமா எழுதியிருக்காங்களே, யாரும்மா இவங்க?” என்று கேட்டார். “யாரோ” என்றேன்.

அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். அவரைக் கேலி செய்து ஒரு வரியாவது எழுதியிருப்பாய் என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இதனால் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் அழுதுகொண்டு சொன்னதை என்னிடம் கேட்காமல் எழுதினாய். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. அவர் பிழைத்துவிட்டதால் அது நியாயமாகிவிடாது. ஒன்று செய். அந்த வரியில் என் பெயரைப் போடு. ‘மனைவி ஞானசுந்தரி தெரிவித்தார்’ என்று மாற்று. முந்தாநாள் வெங்கடேசன் பெண்டாட்டி வந்து, “இவருக்கும் தல வலிக்குதுன்றாருக்கா, நான் வெளிய சொன்னா தப்பாயிடுமா?” என்று கேட்டாள். சொன்னவளுக்குப் பெயர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும்.

அக்டோபர் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, திரும்பவும் சென்னையில் காட்ட வேண்டும். கார் பேசியிருக்கிறது. செங்கல்பட்டு வரைக்கும் ரோடு மோசம். எலும்பு இல்லாத பக்கம் கார் கதவில்கூடப் படக் கூடாது. வழி முழுக்க ஒருவர் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே வர வேண்டும். போன தடவை நான் ஒருத்தியே தாங்கி, திரும்பி வரும்போது தோள் மரத்துப்போய் ஒரு இடத்தில் கை நழுவப் பார்த்தது. நல்ல வேளை, வண்டி நின்றிருந்தது. வெங்கடேசன் கை முரடு. உனக்குத்தான் மணிக்கணக்கில் ஆடாத கை.

வியாழக்கிழமையே வந்துவிடு. சோறு இருக்கும், பாய் இருக்கும். என்னிடம் எதுவும் பேசாதே, பேசினால் நான் மறுபடியும் கத்துவேன். வண்டியில் அவருக்கு இடது பக்கம் உட்கார்.

ஞானசுந்தரி